முன்கதை இல்லாத களவாணி

ஹயாவோ மியாசாகி இயக்கிய முதல் முழுநீளப் படம் 1979-ல் வந்த ‘காலியோஸ்த்ரோவின் கோட்டை’. அந்தக் கார்ட்டூன் படத்தில் எல்லோரும் பேசுவது கார் துரத்தலைப் பற்றி. எனக்குப் பிடித்தது வேறு இடம். கட்டாயக் கல்யாணத்துக்காகக் கோபுரத்தில் பூட்டி வைக்கப்பட்டிருக்கும் கிளாரிஸ் என்ற இளம்பெண்ணும், அவளுக்குப் பணிவிடை செய்ய வந்த பெண்ணும் பேசிக்கொள்வார்கள். வந்தவள் உண்மையில் பணிப்பெண் இல்லை, களவாட வந்தவள். திருடன் லூப்பானைப் பற்றி அவளிடம் கேட்கிறாள் கிளாரிஸ். நன்றாகத் தெரியுமே என்கிறாள் இவள். சில நேரம் கூட்டாளி, சில நேரம் எதிரி, காதலனாகவும் இருந்திருக்கிறான். “உங்களைக் கைவிட்டுவிட்டாரா?” என்று பரிதாபப்படுகிறது அந்தப் பெண். “சேச்சே, நான்தான் அவனைக் கைவிட்டேன்.”

அவள் பெயர் ஃபுஜிகோ மினே. படம் முடியும்போது லூப்பான் எதையும் எடுக்காமல் போகிறான். அவன் திருடியது உங்கள் மனசை என்று துரத்தி வந்த போலீஸ் அதிகாரியே கிளாரிஸிடம் சொல்ல, பார்க்கிற நாமும் உருகிவிடுகிறோம். அதே சாலையில் மோட்டார் சைக்கிளில் வருகிற ஃபுஜிகோவின் வண்டியில் கள்ளநோட்டு அச்சடிக்கும் தகடுகள் இருக்கின்றன. கோட்டைக்குள் அவள் வேடம் போட்டு வேலைக்குச் சேர்ந்ததே அதற்காகத்தான். மனசு, தியாகம் எல்லாம் மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். எடுக்க வந்ததை எடுத்துக்கொண்டு கிளம்புகிறாள்.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மங்கி பஞ்ச் என்ற புனைபெயரில் வரைந்த கசுஹிகோ கட்டோ 1967-ல் தொடங்கிய சித்திரத் தொடர் ‘மூன்றாம் லூப்பான்’. பிரெஞ்சு எழுத்தாளர் மொரீஸ் லெப்லாங் 1905-ல் உருவாக்கிய கனவான் திருடன் ஆர்சேன் லூப்பானின் பேரன்தான் கதாநாயகன். துப்பாக்கிக்கு ஜிகென், வாளுக்குக் கோயெமோன், துரத்துவதற்கு இன்ஸ்பெக்டர் ஸெனிகாதா. ஃபுஜிகோ இந்தக் கூட்டத்தில் இருக்கிறாள் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. ஃபுஜி மலைப் படம் போட்ட ஒரு காலண்டரைப் பார்த்து வைத்த பெயராம் அது. ஆரம்பத்தில் அவள் ஒரே பெண்கூட இல்லை. வாரத்துக்கு ஒரு புதுப் பெண்ணை உருவாக்க அலுத்துப்போய், வருகிற பெண்களுக்கெல்லாம் அந்தப் பெயரையே வைத்திருக்கிறார் மங்கி பஞ்ச். ஜேம்ஸ் பாண்ட் படத்துப் பெண்கள் மாதிரி வந்து போகும் ஓர் உருவம், அவ்வளவுதான் அவளுக்கு முதலில் இருந்த மரியாதை. அங்கிருந்து தனி ஆளாக எழுந்து, ஐம்பது வருஷத்துக்கும் மேலாக லூப்பானையே ஏமாற்றிப் பிழைக்கிறாள்.

அவள் ஏமாற்றும் விதத்தில் ரகசியம் எதுவும் கிடையாது. இந்த ஒரு வேலையை முடித்துக் கொடு, அப்புறம் நான் உன்னுடையவள் என்பாள். லூப்பான் முடித்துக் கொடுப்பான். அவள் பொருளோடு போய்விடுவாள். அடுத்த முறையும் இதுவேதான். ஜிகென் முதலிலேயே எச்சரிப்பான். அவனுக்கு அவளைக் கண்டாலே ஆகாது. லூப்பானுக்கும் தெரியும். தெரிந்தேதான் போகிறான். மாறுவேடம், ஹார்லி டேவிட்சன், பைக்குள் அடங்கும் பிரௌனிங் துப்பாக்கி, வேண்டும்போது வரும் கண்ணீர் என்று அவளிடம் சாமான்கள் நிறைய உண்டு. எல்லாவற்றையும்விட அவளுக்குக் கைகொடுப்பது எதிராளியின் ஆசைதான்.

1979 படத்தை எங்கள் வீட்டில் அண்ணன் மகளோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் அம்மாவான மைனியும் வந்து சேர்ந்தாள். அடுக்களை வேலை முடித்து, பாதியில் வந்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“செரி, இவ என்னத்துக்கு களவாணுதா? வீட்டுல கஷ்டமா?”

“கஷ்டம் ஒண்ணும் இல்லம்மா. நகை, பணம்னா அவளுக்கு இஷ்டம்.”

“அதெப்பிடி? ஒரு காரணம் வேண்டாமா? யாராவது ஏமாத்திப்போட்டானா இருக்கும்.”

மைனி அதே படத்தில் லூப்பானையும் பார்த்தாள். கள்ளநோட்டு அடிக்கிறவனிடமே கைவைக்கப் போகிறவன் அவன். அவன் என்னத்துக்குக் களவாணுகிறான் என்று அவள் கேட்கவில்லை. நானும் அதுவரை கேட்டதில்லை. அவனுக்குத் தாத்தா திருடன், இவனும் திருடன், விஷயம் முடிந்தது. பெண் திருடினால் மட்டும் அதற்கு முன்னால் ஒரு கண்ணீர்க் கதை இருந்தாக வேண்டும் என்று நமக்குப் படுகிறது.

கதை எழுதுகிறவர்களுக்கும் அப்படித்தான் படுகிறது போல. எங்கள் தலைமுறைக்கு லயன் காமிக்ஸ் மூலம் அறிமுகமான மாடஸ்தி பிளைசி ஓர் உதாரணம். 1984-ல் லயனின் முதல் இதழே ‘கத்தி முனையில் மாடஸ்தி’தான். குற்றக் கும்பலை நடத்திக் கோடி கோடியாகச் சம்பாதித்தவள், ஆனால் நாம் அவளைச் சந்திக்கும்போது அதையெல்லாம் விட்டுவிட்டு பிரிட்டிஷ் உளவுத்துறைக்கு உதவி செய்கிறாள். அதற்கும் முன்னால், போரில் அனாதையாகி அகதியாக அலைந்த சிறுமி. முன்னால் ஒரு துயரம், பின்னால் ஒரு திருந்தல், நடுவில் பத்திரமாகப் பொதிந்து வைத்த களவு. எனக்கு மாடஸ்தி ரொம்பப் பிடிக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் அவளிடம் வருகிறவர்கள் அவளை மன்னிக்கத் தயாராகவே வருகிறார்கள்.

எங்கள் மாவட்டத்தில் பிறந்துவிட்டு இந்தப் பேச்சை எடுத்தால் நீலியிடம் போகாமல் முடியாது.

நாகர்கோவில் பார்வதிபுரத்துக்குப் பக்கத்தில் கள்ளியங்காடு இருக்கிறது. பத்மநாபபுரம் போகிற பழைய வழியில் அழகான பெண்ணாக நின்று, போகிறவனிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்ட கள்ளியங்காட்டு நீலி அங்கேதான் இருந்தாள் என்பார்கள். கேரளத்தில் கடமற்றத்துக் கத்தனார் என்ற மந்திரம் தெரிந்த பாதிரியார் அவளை அடக்கிய கதையும் உண்டு. இப்போது அந்தப் பக்கத்தில் மேம்பாலமும் வாகன நெரிசலும்தான். சுண்ணாம்பு கேட்டால் ஹாரன் அடிப்பார்கள். ஆனால் இசக்கியம்மன் கோவில் கொடையில், அதாவது திருவிழாவில், வில்லுப்பாட்டாகப் பாடுகிற நீலி கதை வேறு. அதில் அவள் சும்மா வழிமறிக்கிற யட்சி இல்லை. ஒரு முழு ஊரை உட்கார வைத்து ஏமாற்றுகிறவள்.

கதையை நான் கேட்ட மாதிரி சொல்கிறேன். ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். சிவன் கோவில் பூசை செய்கிற வேதியன் ஒருவன் லட்சுமி என்ற தாசி வீட்டுக்குப் போய் வருகிறான். கையிலிருந்த பொருளெல்லாம் அங்கே கரைகிறது. பொருள் தீர்ந்ததும் லட்சுமியின் தாய் அவனை வெளியே தள்ளுகிறாள். லட்சுமிக்கு அவன்மேல் நிஜமாகவே பிரியம். நகையைப் போட்டுக்கொண்டு அவன் பின்னால் காட்டு வழியே போகிறாள். கள்ளிச் செடி அருகே அவன் மடியில் தலைவைத்துத் தூங்குகிறாள். மணலைக் குவித்து அதில் அவள் தலையை மெதுவாக இறக்கி வைத்து, கல்லைத் தூக்கிப் போட்டுக் கொன்று, நகையை எடுத்துக்கொண்டு போகிறான். கள்ளியே நீ சாட்சி என்று சொல்லிச் சாகிறாள். தேடி வந்த தம்பியும் அங்கேயே உயிரை விடுகிறான். நகையோடு போன வேதியனைப் பாம்பு கடிக்கிறது.

இந்த இடம் வரும்போது கொடைப் பந்தலில் யாரும் எழுந்து டீ குடிக்கப் போவதில்லை. வில்லில் வீசுகோல் விழும் வேகம் குறைந்து, குடமும் உடுக்கும் தணிந்து, புலவர் வார்த்தை வார்த்தையாக இழுப்பார். பெண்கள் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைப்பார்கள். பாதி ராத்திரிக்கு மேல்தான் இதைப் பாட எடுப்பார்கள் என்பதால் குழந்தைகள் எல்லாம் பாயில் சுருண்டிருக்கும். தூங்காமல் கேட்டுக்கொண்டிருந்த குழந்தைகளில் நானும் ஒருத்தி.

அடுத்த பிறவியில் அக்காவும் தம்பியும் சோழ ராஜாவுக்கு நீலி, நீலன் என்று இரட்டைப் பிள்ளைகளாகப் பிறக்கிறார்கள். ராத்திரியில் மாடுகளைப் பிடித்துத் தின்பது தெரிந்ததும் காட்டில் விடப்படுகிறார்கள். வேதியன் ஒரு செட்டி வீட்டில் ஆனந்தன் என்று பிறக்கிறான். அவன் வியாபாரத்துக்கு, வடக்கே திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற பழையனூர் வழியாகப் போகிறபோது நீலி எதிரே வருகிறாள். அவனிடம் மந்திரக் கத்தி இருப்பதால் அவளால் கிட்டே நெருங்க முடியவில்லை. இங்கேதான் அவளுடைய கலை தொடங்குகிறது.

ஒரு கள்ளிக் கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொள்கிறாள். ஊர்ப் பெரியவர்களான எழுபது வேளாளர்கள் கூடியிருக்கிற இடத்துக்கு அழுதுகொண்டே வருகிறாள். இவர்தான் என் புருஷன், வேறொருத்தியை நம்பி என்னையும் பிள்ளையையும் விட்டுவிட்டு ஓடுகிறார் என்கிறாள். செட்டி அலறுகிறான்: இவள் பெண்ணே இல்லை, பேய்! சொந்தப் பெண்டாட்டியைப் பேய் என்கிறான் பாருங்கள் என்று இவள் இன்னும் அழுகிறாள். குழந்தையை இறக்கி விடுங்கள், அது யாரிடம் போகிறது பார்ப்போம் என்கிறார்கள். குழந்தை நேரே போய்ச் செட்டியின் மடியில் ஏறி உட்கார்ந்து அப்பா என்கிறது. அதற்குமேல் யாருக்குச் சந்தேகம் வரும்? இரண்டு பேரையும் ஒரே அறையில் படுக்க வைக்கத் தீர்மானிக்கிறார்கள். அப்போது நீலி கடைசியாக ஒன்று சொல்கிறாள். அவர் கையில் கத்தி இருக்கிறது, ராத்திரி என்னைக் கொன்றுவிடுவார், அதை வாங்கி வையுங்கள். வாங்கி வைக்கிறார்கள். உன் உயிருக்கு எங்கள் எழுபது பேர் உயிரும் பொறுப்பு என்று அவனுக்கு வாக்கும் கொடுக்கிறார்கள்.

விடிந்தால் செட்டி பிணம். எழுபது பேரும் கொடுத்த வாக்குக்காகத் தீயில் இறங்குகிறார்கள்.

ஏழாம் நூற்றாண்டிலேயே திருவாலங்காட்டுப் பதிகத்தில் சம்பந்தர் “வஞ்சப்படுத்து ஒருத்தி” என்று இவளைத் தொட்டுப் போகிறார். ஆக, வட கோடியில் இருந்து தென்கோடி வரை, ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கும் மேலாகத் தமிழர்கள் சொல்லிக்கொண்டிருக்கிற மோசடிக் கதை இது. அந்தக் கத்தி வாங்குகிற இடத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்பு தீரவில்லை. அவளைத் தடுக்க இருந்த ஒரே பொருளை, நல்லவர்கள் கையாலேயே, அவளைக் காப்பாற்றுவதற்காக என்று சொல்லிப் பிடுங்க வைக்கிறாள். பணத்தாசை பிடித்தவனை ஏமாற்ற யாராலும் முடியும். நீலி ஏமாற்றியது நியாயம் செய்ய உட்கார்ந்தவர்களை. அவர்களிடம் இருந்த குறை, கைவிடப்பட்ட பெண்ணுக்கு இரங்கியதுதான்.

அவள் அந்தச் சபையில் சொன்னது ஒரு முன்கதை. தாலி கட்டினான், பிள்ளை கொடுத்தான், வேறொருத்தியிடம் போனான் என்று சபை கேட்க விரும்பிய மாதிரியே அளந்து தைத்த பொய். அவளுக்கு நிஜமாகவே ஒரு முன்கதை இருந்தது. போன பிறவியில் இவன் கல்லைப் போட்டுக் கொன்றான். அதை அங்கே சொல்ல முடியாது, சொன்னால் சிரிப்பார்கள். அதனால் நம்பக்கூடிய வேறொன்றைச் சொல்கிறாள். பந்தலில் உட்கார்ந்திருக்கிற நமக்கோ நிஜமான முன்கதை முன்பே தெரியும். அதனால்தான் செட்டி சாகும்போது யாரும் அவனுக்காக அழுவதில்லை. லட்சுமி சாகிற காட்சி இல்லாமல் நேரே கள்ளிக்கொம்பில் தொடங்கியிருந்தால் அவளுக்குக் கோவில் எழும்பியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

இப்போது ஆரல்வாய்மொழியைத் தாண்டி முப்பந்தல் இசக்கியம்மன் கோவில் முன்னால் லாரிக்காரர்கள் வண்டியை நிறுத்திக் கும்பிட்டுவிட்டுத்தான் போகிறார்கள். பிள்ளை வரம் கேட்டுப் பெண்கள் வருகிறார்கள். சுற்றிலும் காற்றாலைகள். மோசக்காரி தாயாகி உட்கார்ந்திருக்கிறாள். லட்சுமியின் தாயைத்தான் யாரும் கும்பிடவில்லை. ஒருவனிடம் இருக்கிற வரை கறந்து, தீர்ந்ததும் கதவைச் சாத்திய அந்தப் பெண்பிள்ளைக்கு முன்கதை ஒன்றும் கொடுக்கவில்லை பாட்டுக்காரர்கள். புலவர் அவளைக் காட்டுவதே ஊர் சிரிப்பதற்காக. ஃபுஜிகோவுக்கு இந்தக் கதையில் சொந்தக்காரி யார் என்று கேட்டால் நான் நீலியைக் காட்டமாட்டேன், அந்தத் தாயைத்தான் காட்டுவேன்.

இந்த எண்ணத்தோடுதான் பிரான்சுக்குப் போனேன். புத்தகத்தில்தான். லூப்பான் பரம்பரைக்கு அடியில் நிஜமான ஒரு களவு கிடக்கிறது. வைர மாலை வழக்கு என்று சரித்திரத்தில் பெயர். நகை வியாபாரிகளான போமரும் பாசாஞ்சும் பதினைந்தாம் லூயியின் ஆசைநாயகிக்காக என்று செய்யத் தொடங்கிய மாலை அது. ராஜா 1774-ல் செத்துப்போக, 16 லட்சம் லீவர் (அன்றைய பிரெஞ்சுப் பணம்) விலையில் மாலை விற்காமல் நின்றுவிட்டது. ராணி மரீ அந்துவானெத்தும் வேண்டாம் என்றுவிட்டாள். வியாபாரிகளுக்குத் தலையில் துண்டு.

அப்போது வருகிறாள் ழான் த லா மோத். பழைய வலுவா அரச வம்சத்தின் முறைப்படி அல்லாத ஒரு கிளையில் பிறந்தவள். ராஜ ரத்தம், ஆனால் சின்ன வயதில் பிச்சை எடுத்திருக்கிறாள். ராணியின் வெறுப்புக்கு ஆளாகி, எப்படியாவது அவளிடம் நல்ல பெயர் வாங்கிப் பதவி பிடிக்கத் துடித்துக்கொண்டிருந்த கர்தினால் ரோஹானைக் கண்டுபிடிக்கிறாள். என் கதையைக் கேட்டு ராணி இரங்கி என்னைத் தோழியாக்கிக்கொண்டாள் என்று அவரிடம் சொல்கிறாள். ராணி எழுதியதாகக் கடிதங்கள் வருகின்றன. எழுதியது ழானின் கூட்டாளி. 1784 ஆகஸ்டில் ஒரு ராத்திரி வெர்சாய் தோட்டத்து இருட்டில் ராணியே கர்தினாலைச் சந்தித்து ஒரு ரோஜாப்பூ கொடுக்கிறாள். கொடுத்தது நிக்கோல் என்ற வேறொரு பெண். ராணியின் சாயல் இருந்ததால் அழைத்து வரப்பட்டவள். மனிதர் பூவோடு வீடு போய்ச் சேருகிறார்.

அப்புறம் கேட்கவா வேண்டும். ராணிக்கு மாலை வேண்டுமாம், ரகசியமாக வாங்கித் தர ஆள் வேண்டுமாம். 1785 பிப்ரவரியில் ரோஹான் பொறுப்பேற்று மாலையை வாங்கி ராணியின் ஆளிடம் என்று நினைத்துக் கொடுக்கிறார். மாலை பிரிக்கப்பட்டு, கற்கள் லண்டனில் விலைபோயின. தவணைப் பணம் வராமல் நகைக்காரர்கள் அரண்மனைக்குப் போனபோதுதான் எல்லாம் வெளியே வந்தது. ராணியின் கையெழுத்து என்று இருந்தது ‘பிரான்சின் மரீ அந்துவானெத்’. ராணிகள் பெயரை மட்டும்தான் எழுதுவார்கள், ஊர்ப்பெயர் போடமாட்டார்கள் என்பது அரசவையில் வளர்ந்த ரோஹானுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துகொள்ள அவருக்கு மனம் இல்லை.

தீர்ப்பு 1786-ல். கர்தினால் விடுதலை. இதில் சந்தேகத்தின் பேரில் சிக்கியிருந்த காலியோஸ்த்ரோ என்ற மந்திரவாதியும் விடுதலை. ழானுக்குக் கசையடி, திருடி என்று உடம்பில் சூடு, ஆயுள் சிறை. அடுத்த வருஷமே ஆண் வேடத்தில் சிறையிலிருந்து தப்பி லண்டன் போய்ச் சேர்ந்தாள். அங்கே உட்கார்ந்து நினைவுக் குறிப்புகள் எழுதி வெளியிட்டாள். குற்றமெல்லாம் ராணியுடையது, நான் ஏமாந்த அப்பாவி என்பது சாரம். சனங்கள் வாங்கி வாங்கிப் படித்தார்கள். புரட்சிக்கு முன்னால் ராணியின் பெயர் கெட்டதில் இந்த வழக்குக்கும் அதைச் சுற்றி வந்த அச்சுக்கும் பெரிய பங்கு உண்டு. மாலையைவிட முன்கதைதான் அவளுக்கு அதிகம் சம்பாதித்துக் கொடுத்தது என்று எனக்குத் தோன்றுகிறது. கர்தினாலிடம் விற்றதும் அதைத்தான், கடைசியில் பொதுசனத்திடம் விற்றதும் அதைத்தான். அதில் பாதி நிஜமும்கூட. 1791-ல் லண்டனில் ஜன்னலிலிருந்து விழுந்து செத்துப்போனாள்.

லெப்லாங் இந்த வழக்கை விடவில்லை. லூப்பான் ஆறு வயதில் செய்த முதல் களவே இந்த மாலை என்று ஒரு சிறுகதை எழுதினார். 1924 நாவலில், இருபது வயது லூப்பானுக்குத் தொழிலின் நுணுக்கங்களைக் கற்றுக்கொடுத்து, அவன் காதலியாகவும் பிறகு எதிரியாகவும் ஆகிற ஜோசஃபின் பால்சமோவைக் கொண்டுவந்தார். அந்தக் காலியோஸ்த்ரோவின் மகள் என்று சொல்லிக்கொள்கிறவள். வயதே ஆகாத அழகி என்று அவளைச் சுற்றி ஒரு கதை. தாத்தாவுக்கு ஜோசஃபின், பேரனுக்கு ஃபுஜிகோ. மியாசாகியின் கோட்டைக்குக் காலியோஸ்த்ரோ என்ற பெயர் வந்த வழியும் இதுதான். ஃபுஜிகோவுக்கும் வயதாகாமல் இருக்க ஆசை உண்டு. 1978-ல் வந்த முதல் லூப்பான் அனிமேஷன் படத்தில் அதற்காகவே ஒரு கிறுக்குக் கோடீஸ்வரனுக்கு வேலை பார்க்கிறாள். தன் மூல ஆசையைப் பற்றி அவள் வாயால் சொன்னதில் இதுதான் வெளிப்படையானது: அழகாக இருக்க வேண்டும், பணக்காரியாக இருக்க வேண்டும், எப்போதும். அண்ணன் மகள் சொல்வாள், “அத்தை, ஃபுஜிகோ கன்னியாகுமரிக்கு வந்தா மூக்குத்தியத்தான் குறி வைப்பா.” தேவியின் வைர மூக்குத்தி ஒளியைக் கலங்கரை விளக்கம் என்று நம்பிக் கப்பல்கள் பாறையில் மோதியதால் கிழக்கு வாசலை அடைத்து வைத்திருக்கிறார்கள் என்பது இங்கே எல்லோரும் கேட்டு வளர்ந்த கதை. கப்பலையே ஏமாற்றிய நகையிடம் ஃபுஜிகோவின் ஜம்பம் பலிக்காது என்று நான் சொன்னேன்.

இனி வருவது 2012-ல் வந்த தொலைக்காட்சித் தொடரைப் பற்றி. முடிவைச் சொல்லப் போகிறேன், பார்க்க நினைப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். ஃபுஜிகோவை மையமாக வைத்த 13 பாகங்கள், இயக்கியது சாயோ யமாமோட்டோ. லூப்பான் தொடர்களில் ஒரு பெண் இயக்கியது அதுவே முதல். ஒவ்வொரு பாகமாகப் போகப்போக ஃபுஜிகோவுக்குச் சின்ன வயது நினைவுகள் வருகின்றன. ஆந்தைத் தலை மனிதர்கள், ஒரு பிரபுவின் மாளிகை, சிறுமிமேல் நடத்தப்படும் பரிசோதனைகள். பார்க்கிற நாம் தலையாட்டுகிறோம்: ஓ, இதனால்தான் இவள் இப்படி. மைனி கேட்ட காரணம் இதோ வந்துவிட்டது.

கடைசியில் தெரிகிறது, அந்த நினைவுகள் அவளுடையதே இல்லை. அங்கே அடைக்கப்பட்டு, உடம்பு முடங்கிப்போன வேறொரு பெண்ணுடையவை. களவாட வந்த ஃபுஜிகோவின் மண்டைக்குள் அவை திணிக்கப்பட்டிருக்கின்றன. தான் வாழ முடியாத வாழ்க்கையை இவள் வழியாக வாழ்ந்து பார்க்க அந்தப் பெண் ஆசைப்பட்டிருக்கிறாள். ஃபுஜிகோ அதற்கு முன்பும் இப்படித்தான் இருந்தாள். திருடத்தான் அந்த மாளிகைக்கே போனாள். அவளைப் புரிந்துகொள்ள நம்மிடம் நீட்டப்பட்டது இன்னொருத்தியின் துயரம். குழந்தை போய் மடியில் உட்கார்ந்ததும் தலையாட்டிய எழுபது பேர் மாதிரியே பன்னிரண்டு பாகம் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

இதை மைனியிடம் நான் விளக்கியபோது, “அப்போ நானும் அந்த எழுபது பேருல ஒருத்தின்னு சொல்லுதியா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். “கொள்ளாம்” என்றுவிட்டு, கொஞ்சம் யோசித்து, “ஆனா எரங்காத சபையில போயி எந்தப் பொம்பள நியாயம் கேப்பா?” என்றாள். அதற்கு எனக்குப் பதில் வரவில்லை. நீலி கதையில் எனக்கு உறுத்துகிற இடத்தில்தான் அவளும் கை வைத்தாள். பொய் சொன்னவள் ஒருத்தி என்றால், நிஜமாகவே கைவிடப்பட்டுக் குழந்தையோடு வந்து நிற்கிற அடுத்தவளை அந்த ஊர் எப்படிப் பார்த்திருக்கும்? பாட்டு அதைச் சொல்வதில்லை.

ஃபுஜிகோவைத் தூக்கிப் பிடிக்கிறேன் என்று எல்லாவற்றையும் தூக்கிப் பிடிக்க முடியாது. மங்கி பஞ்சின் பழைய சித்திரங்களில் அவளை வரைந்திருப்பது முழுக்க முழுக்க ஆண் வாசகனின் கண்ணுக்காக. 1970-களின் பாகங்கள் பலவற்றில் கட்டிப்போடப்பட்டு லூப்பான் வரும்வரை காத்திருக்கிறாள். அவிழ்த்துவிட்டதும் அவனையே ஏமாற்றுவாள், அது வேறு. யமாமோட்டோவின் தொடரிலும் அவள் உடம்பு நிறையவே காட்டப்படுகிறது. ஆனால் அங்கே யார் பார்க்கிறார்கள், அதை அவள் எப்படி விலையாக்குகிறாள் என்பதும் சேர்ந்து காட்டப்படுகிறது. அந்த வித்தியாசத்தை எல்லோரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எனக்கே சில பாகங்களில் நம்பிக்கை வரவில்லை.

பார்க்க விரும்புகிறவர்கள் 1979 படத்தில் தொடங்குங்கள். ஃபுஜிகோ அதில் வருவது கொஞ்ச நேரம்தான், ஆனால் வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்க்கலாம். 1978 படம் கொஞ்சம் கோணல், அப்புறம் பார்த்தால் போதும். 2012 தொடர் பெரியவர்களுக்கு மட்டும். அண்ணன் மகள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள், வயசாகட்டும் என்று தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். லெப்லாங்கின் கதைகள் ஆங்கிலத்தில் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. நீலியைக் கேட்க மட்டும் கொடைக்குத்தான் வர வேண்டும். பங்குனி, சித்திரையில் எங்கள் பக்கம் ஏதாவது ஓர் இசக்கியம்மன் கோவிலில் வில்லு இல்லாமல் இருக்காது. கத்தி வாங்குகிற இடம் வர ராத்திரி இரண்டு மணி ஆகும், சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.